ஜாவாஸ்கிரிப்டில் விடுபட்ட அணி மெத்தட்களைச் சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உங்கள் கணினியில் ஒழுங்காக ஓடும் ஸ்கிரிப்ட், யாரோ ஒருவரின் பழைய போனில் "இது ஃபங்ஷன் அல்ல" என்று சிவப்பு எழுத்தில் நின்றுவிடுகிறது. பிழை சுட்டும் வரியில் பெரும்பாலும் ஓர் அணி (அரே) மெத்தட் இருக்கும்: இன்க்ளூட்ஸ், ஃபைண்ட், ஃப்ளாட், அட் இப்படி ஏதாவது ஒன்று. அந்த உலாவியில் அது இல்லை. இல்லாததை நாமே சேர்த்துக்கொள்ள ஜாவாஸ்கிரிப்ட் இடம் கொடுக்கிறது. ஆனால் அரைகுறையாகச் சேர்த்தால், சேர்க்காமல் விட்டதைவிட மோசமான பிழைகள் வரும். அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசுகிறோம்.

பாலிஃபில் என்றால் சரியாக என்ன?

உலாவியில் இல்லாத ஒரு வசதியை, தரநிலை (ஜாவாஸ்கிரிப்டின் அதிகாரபூர்வ விதித்தொகுப்பு) சொல்கிற அதே பெயரில், அதே நடத்தையோடு ஜாவாஸ்கிரிப்டிலேயே எழுதி வைப்பது. சுவர் விரிசலை அடைக்கும் பூச்சு ஒன்றின் பெயரை ஒட்டி 2009 வாக்கில் இணைய நிரலாளர் ரெமி ஷார்ப் வைத்த பெயர் இது. "அதே நடத்தையோடு" என்பதுதான் இதில் உயிர்நாடி. உங்கள் தரவுக்கு ஒத்துப்போனால் போதும் என்று எழுதியது பாலிஃபில் ஆகாது. அது வேறொரு ஃபங்ஷன், பெயர் மட்டும் இரவல்.

பேபெல் பயன்படுத்துகிறேன். அதுவே பார்த்துக்கொள்ளாதா?

தானாகப் பார்த்துக்கொள்ளாது. பேபெல் என்பது புதிய ஜாவாஸ்கிரிப்டைப் பழைய உலாவிகளுக்கு ஏற்றபடி மாற்றித்தரும் கருவி. அது மாற்றுவது இலக்கணத்தை: அம்புக்குறி ஃபங்ஷன், கான்ஸ்ட், ஸ்ப்ரெட் போன்றவற்றைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும். ஓர் அணியின் மீது ஃப்ளாட் என்று நீங்கள் அழைத்தால், இலக்கணப்படி அது சாதாரண மெத்தட் அழைப்பு. மாற்ற அதில் எதுவுமில்லை, அப்படியே விட்டுவிடும். பேபெலைச் சொல்லிச் சேர்க்கவைக்க முடியும், அதற்குத் தனி அமைப்பு உண்டு. கீழே வருகிறது.

இரண்டும் உடையும் விதமும் வேறு. இலக்கணம் புரியாவிட்டால் முழுக் கோப்பும் ஓடாது. மெத்தட் இல்லாவிட்டால் அந்த வரி வரை ஓடிவிட்டு நிற்கும். இதனால்தான் பாலிஃபில் கோப்பையே புதிய இலக்கணத்தில் எழுதுவது வீண்: அது யாருக்காக எழுதப்பட்டதோ, அந்த உலாவியால் அதைப் படிக்கவே முடியாது.

எந்த மெத்தட் எப்போது வந்தது?

தரநிலையின், 2009-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இன்டெக்ஸ்ஆஃப், லாஸ்ட்இன்டெக்ஸ்ஆஃப், ஃபார்ஈச், மேப், ஃபில்டர், சம் (some), எவ்ரி, ரெட்யூஸ், ரெட்யூஸ்ரைட், அரே.இஸ்அரே ஆகியவை இருந்தன. இன்டெக்ஸ்ஆஃபும் ஃபார்ஈச்சும் அவற்றின் கூட்டாளிகளும் ஃபயர்ஃபாக்ஸில் 2005-லேயே இருந்தவை. ஐஇ (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்) 8-இல் இவற்றில் ஒன்றும் கிடையாது, ஐஇ 9-இல் எல்லாம் உண்டு.

2015-இல் ஃபைண்ட், ஃபைண்ட்இன்டெக்ஸ், ஃபில், காப்பிவித்இன், கீஸ், வேல்யூஸ், என்ட்ரீஸ் வந்தன, கூடவே அரே.ஃப்ரம், அரே.ஆஃப். ஐஇ 11 இவற்றில் எதையும் அறியாது. 2016-இல் இன்க்ளூட்ஸ், 2019-இல் ஃப்ளாட்டும் ஃப்ளாட்மேப்பும், 2022-இல் அட். 2023-இல் ஃபைண்ட்லாஸ்ட், ஃபைண்ட்லாஸ்ட்இன்டெக்ஸ், டூசார்ட்டட், டூரிவர்ஸ்ட், டூஸ்ப்ளைஸ்ட், வித்.

ஐஇ ஓய்ந்துவிட்டதே. இன்னும் இதெல்லாம் தேவையா?

ஐஇ 11-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-இல் முடித்துக்கொண்டது உண்மை. ஆனால் இன்றைய சிக்கல் ஐஇ அல்ல, புதுப்பிப்பு நின்றுபோன கருவிகள். விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி குரோம் 109. டூசார்ட்டட் குடும்பம் குரோமில் வந்தது 110-இல். ஒரே ஒரு பதிப்பில் தவறிவிட்டது! அதே விண்டோஸ் 7-இல் ஃபயர்ஃபாக்ஸ் 115 நிறுவலாம், அதில் டூசார்ட்டட் இருக்கிறது. ஒரே இயந்திரத்தில் ஓர் உலாவியில் உங்கள் பக்கம் ஓடும், இன்னொன்றில் ஓடாது.

ஐபோனில் நிலை இன்னும் இறுக்கம். அங்கே வெகுகாலம் எந்த உலாவியை நிறுவினாலும் உள்ளே ஓடியது சஃபாரியின் இயந்திரமே. பழைய ஐஓஎஸ்ஸில் "குரோமை நிறுவிப் பாருங்கள்" என்று பயனரிடம் சொல்லிப் பயனில்லை. ஐஓஎஸ் 12-இல் தங்கிவிட்ட ஐபோன் 6-இல் ஃப்ளாட் உண்டு, அட் கிடையாது. அட்டும் ஃபைண்ட்லாஸ்ட்டும் சஃபாரி 15.4-இல்தான் வந்தன.

நானே ஒரு பாலிஃபில் எழுதினால் எந்த வரிசையில் எழுதுவது?

ஃபைண்டை எடுத்துக்கொள்வோம். சிறியது, ஆனால் தவறுவதற்கு எல்லா இடமும் அதில் இருக்கிறது.

முதலில் அரே.ப்ரோட்டோடைப்பில் (எல்லா அணிகளும் தம் மெத்தட்களைப் பெறும் பொதுப் பொருள்) ஃபைண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தொடாதீர்கள். இல்லையென்றால் ஸ்ட்ரிக்ட் மோடில் ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். ஸ்ட்ரிக்ட் மோட் ஏன்? அது இல்லாவிட்டால், நல் (null) அல்லது அன்டிஃபைன்ட் மீது அழைக்கும்போது திஸ் (மெத்தட் எதன் மீது அழைக்கப்பட்டதோ அது) என்பது சத்தமில்லாமல் விண்டோவாக மாறிவிடும். வரவேண்டிய டைப்எரர் வராது.

ஃபங்ஷனுக்குள் படிகள் இவை:

1. திஸ் நல்லாகவோ அன்டிஃபைன்டாகவோ இருந்தால் டைப்எரர் எறியுங்கள். இல்லாவிட்டால் ஆப்ஜெக்ட் ஃபங்ஷனுக்குள் போட்டுப் பொருளாக்கிக்கொள்ளுங்கள்.
2. லெங்த்தை ஒரே ஒரு முறை படித்து முழு எண்ணாக்கி ஒரு மாறியில் வையுங்கள். லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் படிக்கக் கூடாது. கால்பேக் (மெத்தட்டுக்கு நாம் கொடுக்கும் ஃபங்ஷன்) உள்ளேயே அணியில் புஷ் செய்தால், அப்படிப் படிக்கும் லூப் முடியவே முடியாது. உண்மையான மெத்தட் தொடங்கும்போது இருந்த நீளத்தோடு நின்றுவிடும்.
3. கால்பேக் ஒரு ஃபங்ஷன்தானா என்று பாருங்கள். இல்லையென்றால் டைப்எரர். அணி காலியாக இருந்தாலும் இந்தச் சோதனை நடக்க வேண்டும்.
4. இரண்டாவது ஆர்க்யுமென்ட் இருந்தால் அதுவே கால்பேக்கின் திஸ். அதை ஃபங்ஷனின் பெயரிட்ட அளவுருவாக எழுதாமல் ஆர்க்யுமென்ட்ஸ் பொருளிலிருந்து எடுங்கள். ஃபைண்டின் லெங்த் பண்பு 1 என்று தரநிலை சொல்கிறது. இரண்டு அளவுரு எழுதினால் 2 ஆகிவிடும்.
5. 0 முதல் ஒவ்வொன்றாக: மதிப்பை மாறியில் எடுத்துக்கொண்டு, கால்பேக்கை மதிப்பு, இன்டெக்ஸ், மூலப் பொருள் என்று மூன்று ஆர்க்யுமென்ட்களோடு அழையுங்கள். உண்மை போன்ற எதுவும் வந்தால் எடுத்துவைத்த மதிப்பைத் திருப்புங்கள். ட்ரூவோடு மூன்று சமக்குறி போட்டு ஒப்பிட வேண்டாம்.

மதிப்பை மாறியில் எடுத்துவைப்பது அழகுக்காக அல்ல. கால்பேக் அந்த இடத்தில் வேறு மதிப்பை எழுதிவிட்டால், மறுபடி அணியிலிருந்து படிக்கும் பாலிஃபில் மாறிய மதிப்பைத் திருப்பும். ஃபில்டரை எழுதும்போது பலரும் வழுக்கி விழுவது இங்கேதான்.

எழுதிய ஃபங்ஷனை ப்ரோட்டோடைப்பில் சமக்குறி போட்டு வைத்தால் என்ன கெட்டுவிடும்?

ஒரு பொருளின் பண்புப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தரும் ஃபார்-இன் லூப் கெடும். சமக்குறியால் வைத்த பண்பு எண்ணிக்கையில் சேரும் பண்பு. அப்போது பக்கத்தில் உள்ள எந்த அணியின் மீது யார் ஃபார்-இன் ஓட்டினாலும் 0, 1, 2 என்று வந்து கடைசியில் "ஃபைண்ட்" என்ற சொல்லும் சேர்ந்து வரும். அணி மீது ஃபார்-இன் ஓட்டுவது தவறான பழக்கம்தான். ஆனால் அதே பக்கத்தில் இருக்கும் பழைய ப்ளக்இன்னை எழுதியவரிடம் போய் அதைச் சொல்ல முடியாது. பழைய உலாவியில் மட்டும் வரும் பிழை என்பதால் கண்டுபிடிக்கவும் நாளாகும்.

சரியான வழி ஆப்ஜெக்ட்.டிஃபைன்ப்ராப்பர்ட்டி. அதில் ரைட்டபிள் ட்ரூ, கான்ஃபிகரபிள் ட்ரூ, என்யூமரபிள் ஃபால்ஸ். உலாவியின் சொந்த மெத்தட்களும் இப்படித்தான் இருக்கின்றன.

ஐஇ 8-இல் ஒரு பொறி: டிஃபைன்ப்ராப்பர்ட்டி என்ற பெயர் அங்கே இருக்கும், ஆனால் டாம் பொருள்களுக்கு (பக்கத்தின் உறுப்புகளுக்கு) மட்டுமே வேலை செய்யும், சாதாரணப் பொருளுக்குப் பிழை எறியும். அந்த உலாவியை உண்மையிலேயே தாங்க வேண்டியிருந்தால் ட்ரை-கேட்ச்சில் முயன்று, தோற்றால் சமக்குறிக்குப் போக வேண்டும். ஃபார்-இன் சிக்கலை அங்கே சகித்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

பழைய பாலிஃபில்களில் லெங்த்துக்குப் பக்கத்தில் ">>> 0" இருக்கிறதே, அது எதற்கு?

எந்த மதிப்பையும் 0 முதல் 4294967295 வரையுள்ள முழு எண்ணாக்கும் குறுக்குவழி. அன்டிஃபைன்ட் 0 ஆகும், "3" என்ற சரம் 3 ஆகும், 2.7 என்பது 2 ஆகும். ஐந்தாம் பதிப்பு கேட்டது இதையே.

2015 பதிப்பு விதியை மாற்றியது: எதிர்ம எண் என்றால் 0, மேல் வரம்பு 9007199254740991. உண்மையான அணிக்கு இரண்டும் ஒன்றுதான். அணி போன்ற பொருளின் லெங்த் -1 ஆக இருந்தால் மட்டும் வித்தியாசம் தெரியும். பழைய விதியில் 4294967295 சுற்று, புதிய விதியில் ஒரு சுற்றும் இல்லை. ஃபைண்ட் முதலான புதியவற்றுக்குப் புதிய விதியையே எழுதுங்கள்.

அணியில் "ஓட்டை" என்கிறார்களே, அதை எப்படிக் கையாள்வது?

[1, , 3] என்று எழுதினால் நடுவில் இருப்பது அன்டிஃபைன்ட் அல்ல. அந்த இடத்தில் எதுவுமே இல்லை. இன் ஆபரேட்டரால் கேட்டால் ஃபால்ஸ் வரும். ஓட்டை விஷயத்தில் மெத்தட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கின்றன.

2009 கூட்டம் ஓட்டையைத் தாண்டிப் போகும். ஃபார்ஈச், ஃபில்டர், சம், எவ்ரி, ரெட்யூஸ், இன்டெக்ஸ்ஆஃப் எல்லாம் அப்படி. மேப் தாண்டுவதோடு, விடையிலும் அதே இடத்தில் ஓட்டையை வைக்கும். அதனால் மேப் பாலிஃபில் காலி அணியில் புஷ் செய்துகொண்டே போகக் கூடாது. அதே நீளத்தில் புதிய அணி எடுத்து, இன்டெக்ஸ் பார்த்து எழுத வேண்டும்.

2015 முதல் வந்த ஃபைண்ட், ஃபைண்ட்இன்டெக்ஸ், இன்க்ளூட்ஸ், அட், டூசார்ட்டட் எல்லாம் ஓட்டையை அன்டிஃபைன்டாகவே பார்க்கும். இவற்றில் இன் சோதனை கூடாது. ஃப்ளாட்டும் ஃப்ளாட்மேப்பும் மட்டும் பழைய கட்சியில் சேர்ந்து ஓட்டைகளை உதறிவிடும். ஏன் இந்தக் குழப்பம் என்று கேட்டால், மொழி பத்தாண்டு இடைவெளியில் மனம் மாறியது என்பதைத் தவிர நல்ல பதில் இல்லை. ஒவ்வொரு மெத்தட்டுக்கும் தரநிலையின் படிகளைத் திறந்து பார்த்து எழுதுங்கள், நினைவிலிருந்து எழுத வேண்டாம்.

இன்க்ளூட்ஸ் என்பது இன்டெக்ஸ்ஆஃப் விடை -1 அல்ல என்று பார்ப்பதுதானே?

முக்கால்வாசி. மீதியில் இரண்டு வித்தியாசம் உண்டு. ஒன்று, ஓட்டை: மேலே சொன்னபடி. இரண்டு, நேன்: எண் அல்லாத எண். அது தனக்குத்தானே சமமில்லை என்பதால் மூன்று சமக்குறியால் ஒப்பிடும் இன்டெக்ஸ்ஆஃப் அதை ஒருநாளும் கண்டுபிடிக்காது. இன்க்ளூட்ஸ் கண்டுபிடிக்கும். பாலிஃபில்லில் சமம் என்பதற்கான நிபந்தனை: இரண்டும் === ஆக இருக்க வேண்டும், அல்லது இரண்டுமே தமக்குத்தாமே சமமில்லாதவையாக இருக்க வேண்டும். 0, -0 இரண்டையும் ஒன்றாகவே கொள்ள வேண்டும்.

தொடக்க இடம் எதிர்மமாக இருந்தால் நீளத்தோடு கூட்டுங்கள். அப்போதும் எதிர்மமாகவே இருந்தால் 0.

ரெட்யூஸ் எழுதும்போது கவனிக்க வேண்டியது?

தொடக்க மதிப்பு கொடுக்கப்பட்டதா என்பதை ஆர்க்யுமென்ட்ஸின் நீளம் 2 ஆவது உள்ளதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். அன்டிஃபைன்டோடு ஒப்பிட்டால், ஒருவர் வேண்டுமென்றே அன்டிஃபைன்டைத் தொடக்க மதிப்பாகக் கொடுக்கும்போது தவறும். கொடுக்காவிட்டால் ஓட்டைகளைத் தாண்டி முதலில் வரும் மதிப்பே தொடக்கம். அப்படி ஒன்றுமே இல்லையென்றால் டைப்எரர்.

அட் ஒரே வரி வேலைதானே?

வரி குறைவுதான். கொடுத்த எண்ணின் பின்னத்தை வெட்டுங்கள், நேன் என்றால் 0, எதிர்மம் என்றால் நீளத்தைக் கூட்டுங்கள், எல்லைக்கு வெளியே போனால் அன்டிஃபைன்ட். மாட்டும் இடம் பின்னத்தை வெட்டுவதில். கை தன்னாலே மேத்.ட்ரங்க் என்று எழுதும். ஐஇ 11-இல் அதுவும் இல்லை. ஒரு பாலிஃபில் இன்னொரு இல்லாத மெத்தட்டின் மேல் நிற்பது அடிக்கடி நடக்கிறது. எதிர்மம் என்றால் மேத்.சீல், இல்லையென்றால் மேத்.ஃப்ளோர் என்று பிரித்து எழுதிவிட்டால் கவலையில்லை.

சரங்களுக்கும் டைப்டு அணிகளுக்கும் தனித்தனி அட் உண்டு. அரே.ப்ரோட்டோடைப்பில் சேர்த்தது அவற்றுக்கு வராது.

ஃப்ளாட்டுக்கு, காலி அணியின் கான்கேட்டை அப்ளை மூலம் அழைக்கும் தந்திரம் போதாதா?

சின்ன அணிக்கு, ஒரு நிலை மட்டும் என்றால் ஓடும். மூன்று இடத்தில் பிசகும். ஆழம் கொடுக்க முடியாது. ஓட்டைகளை உதறாது: வெளி அணியின் ஓட்டைகள் அன்டிஃபைன்டாகிவிடும், உள் அணியின் ஓட்டைகள் ஓட்டைகளாகவே வரும். அணி மிகப் பெரிதானால், எல்லாம் ஆர்க்யுமென்ட்களாகப் போவதால் இயந்திரத்தின் வரம்பில் மோதி ரேஞ்ச்எரர் எறியும். மூன்றாவது பிழை சோதனைத் தரவில் வராது, நேரடிப் பயன்பாட்டில்தான் வரும். லூப்பும் தற்சுழற்சியும் கொண்டு எழுதுங்கள். ஆழம் கொடுக்காவிட்டால் 1, இன்ஃபினிட்டி கொடுத்தாலும் ஏற்க வேண்டும்.

டூசார்ட்டட்: ஸ்லைஸ் செய்து சார்ட் அழைத்தால்?

நெருங்கிவிட்டீர்கள். ஸ்லைஸ் ஓட்டைகளை அப்படியே நகலெடுக்கும், சார்ட் அவற்றைக் கடைசியில் ஓட்டைகளாகவே தள்ளும். டூசார்ட்டட்டின் விடையில் ஓட்டையே இருக்காது, அவை அன்டிஃபைன்டாக வரும். அணியின் துணை வகுப்பு ஒன்றின் மீது அழைத்தால் ஸ்லைஸ் அந்த வகுப்பின் பொருளைத் தரலாம். டூசார்ட்டட் எப்போதும் சாதாரண அணியைத்தான் தரும். லூப் போட்டு நகலெடுத்துவிட்டு சார்ட் அழைத்தால் இரண்டும் தீரும். ஒப்பீட்டு ஃபங்ஷன் சரிதானா என்ற சோதனையை நகலெடுக்கும் முன்பே செய்துவிடுங்கள்.

அரே.ஃப்ரம்முக்கு ஸ்லைஸ் போதுமா? அரே.இஸ்அரேக்கு இன்ஸ்டன்ஸ்ஆஃப்?

இரண்டுக்கும் போதாது. செட் மீது ஸ்லைஸை ஓட்டினால், லெங்த் இல்லாததால் காலி அணி வரும். பிழை எதுவும் வராது, தரவு மட்டும் காணாமல் போகும். சரத்திலும் வித்தியாசம் உண்டு: அரே.ஃப்ரம் யூனிகோட் குறியெண் வாரியாகப் பிரிக்கும், ஸ்லைஸ் ஓர் எமோஜியை இரண்டு துண்டாக்கிவிடும். (தமிழ் எழுத்து வாரியாக இரண்டுமே பிரிக்காது. "தமிழ்" என்பதில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி உறுப்புகளாக, மொத்தம் 5 வரும்.) இட்டரேட்டர் (உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தருவது) இருந்தால் அதன் வழியே, இல்லாவிட்டால் லெங்த் வழியே என்று இரண்டு பாதையும் எழுத வேண்டும். இதை மட்டும் கையால் எழுதாமல் கோர்-ஜேஎஸ் என்ற பாலிஃபில் தொகுப்பிலிருந்து எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இன்ஸ்டன்ஸ்ஆஃப் வேறொரு ஐஃப்ரேமிலிருந்து வந்த அணியை அணியல்ல என்று சொல்லும். ஆப்ஜெக்ட்.ப்ரோட்டோடைப்பின் டூஸ்ட்ரிங்கை அதன் மீது அழைத்து, விடையின் அடைப்புக்குறிக்குள் "ஆப்ஜெக்ட் அரே" வருகிறதா என்று ஒப்பிடுவதே வழக்கமான பாலிஃபில்.

நோட்லிஸ்ட்டில் ஃபார்ஈச் வேலை செய்யவில்லை. அரே பாலிஃபில் சேர்த்தும் அப்படியே இருக்கிறது.

நோட்லிஸ்ட் (பக்க உறுப்புகளின் பட்டியல்) அணி அல்ல, அதற்குத் தனி ப்ரோட்டோடைப். ஐஇ 11-இல் அதற்கு ஃபார்ஈச் கிடையாது. அணியின் ஃபார்ஈச்சையே நோட்லிஸ்ட் ப்ரோட்டோடைப்பில் வைத்தால் போதும். ஐஇ 8-இல் ஸ்லைஸை நோட்லிஸ்ட் மீது அழைத்தாலே பிழை வரும், அங்கே லூப் ஒன்றுதான் கதி.

பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் போதுமா? இருந்தும் தவறாக நடக்கும் மெத்தட்கள் உண்டா?

உண்டு. ஐஇ 8-இல் ஸ்ப்ளைஸுக்கு ஓர் ஆர்க்யுமென்ட் மட்டும் கொடுத்தால் எதையும் நீக்காது. மற்ற உலாவிகள் அந்த இடத்திலிருந்து கடைசிவரை நீக்கும். சஃபாரி 12.0-இல் ரிவர்ஸ் மெத்தட்டில் ஒரு விசித்திரப் பிழை: மூலத்தில் நேரடியாக எழுதிய அணியைத் திருப்பினால், பக்கத்தை மறுபடி ஏற்றும்போது அது ஏற்கெனவே திருப்பிய நிலையிலேயே வரக்கூடும். குரோம் 70-க்கு முன்பு, 10-க்கு மேல் உறுப்புகள் கொண்ட அணியை சார்ட் செய்தால் சமமான உறுப்புகளின் முன்பின் வரிசை கலையலாம். நிலையான வரிசையாக்கத்தைத் தரநிலை கட்டாயமாக்கியது 2019-இல்தான்.

இவற்றைப் பெயரைப் பார்த்துப் பிடிக்க முடியாது. சின்னச் சோதனை ஒன்றை ஓட்டி, விடை தவறினால் மட்டும் மாற்ற வேண்டும். உலாவியின் பெயர்ச் சரத்தைப் படித்து முடிவெடுக்காதீர்கள், அது எப்போதும் உண்மை பேசாது.

கோப்பை எங்கே வைப்பது? சேர்த்தும் பிழை வருகிறது.

பத்தில் எட்டு முறை வரிசைதான் குற்றவாளி. சாதாரண ஸ்கிரிப்ட் டேக் என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வையுங்கள், அசிங்க் போடாதீர்கள். அசிங்க் போட்டால் எது முதலில் வந்து சேர்கிறதோ அது முதலில் ஓடும். உங்கள் வேகமான இணைப்பில் சரியாக வரும், பயனருக்கு உடையும்.

மாட்யூல் எழுதுபவர்களுக்கு இன்னொரு பொறி. நுழைவுக் கோப்பின் முதல் வரிகளில் பாலிஃபில்லை எழுதிவிட்டு, அதற்குக் கீழே இம்போர்ட் எழுதுகிறார்கள். இம்போர்ட்கள் எல்லாம் கோப்பின் மற்ற வரிகளுக்கு முன்பே ஓடிவிடும். இம்போர்ட் செய்த கோப்பு மேல்மட்டத்திலேயே ஃப்ளாட்டை அழைத்தால், பாலிஃபில் இன்னும் சேர்ந்திருக்காது. பாலிஃபில்லைத் தனிக் கோப்பாக்கி, அதை முதல் இம்போர்ட்டாக வையுங்கள்.

ஐஃப்ரேமுக்கும் வெப் ஒர்க்கருக்கும் (பின்னணியில் ஓடும் ஸ்கிரிப்ட்) தத்தம் அரே தனி. முதன்மைப் பக்கத்தில் சேர்த்தது அங்கே எட்டாது. ஒர்க்கருக்குள் இம்போர்ட்ஸ்கிரிப்ட்ஸ் மூலம் மறுபடி ஏற்ற வேண்டும்.

கோர்-ஜேஎஸ்ஸை பேபெலோடு எப்படி இணைப்பது?

பேபெல் 7-இன் ப்ரீசெட்-என்வ் அமைப்பில் யூஸ்-பில்ட்இன்ஸ் என்ற விருப்பம் இருக்கிறது. அதற்கு "என்ட்ரி" கொடுத்தால், நீங்கள் நுழைவுக் கோப்பில் எழுதிய ஒரே கோர்-ஜேஎஸ் இம்போர்ட்டை, உங்கள் இலக்கு உலாவிகளுக்குத் தேவையான சிறு இம்போர்ட்களாகப் பிரிக்கும். "யூசேஜ்" கொடுத்தால் ஒவ்வொரு கோப்பிலும் பயன்படுத்தியதைப் பார்த்துச் சேர்க்கும். இலக்குகளை பிரவுசர்ஸ்லிஸ்ட்டில் எழுதுங்கள்.

யூசேஜ் சிறிய கோப்பு தரும் என்று பலரும் அதையே எடுக்கிறார்கள். அதன் குறை: பேபெல் தொடும் கோப்புகளை மட்டுமே அது பார்க்கும். நோட்-மாட்யூல்ஸை (வெளி நூலகங்கள் இருக்கும் அடைவு) விலக்கியிருந்தால், உள்ளே ஒரு நூலகம் அட் மெத்தட்டை அழைப்பது அதற்குத் தெரியாது. நம்பகம் வேண்டுமென்றால் என்ட்ரி நல்லது என்பது எங்கள் கருத்து.

மேலும் இரண்டு: கோர்-ஜேஎஸ் பதிப்பை வெறும் 3 என்று கொடுத்தால் பேபெல் அதை 3.0 என்றே கொள்ளும். பின்னால் வந்த டூசார்ட்டட் போன்றவை சேராது. நிறுவிய பதிப்பின் இரண்டாம் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். கோர்-ஜேஎஸ்ஸின் கோப்புகளையே பேபெல் வழியாக விடாதீர்கள், உடையும். பேபெல்-பாலிஃபில் என்ற பழைய தொகுப்பு 7.4 பதிப்போடு கைவிடப்பட்டது. அதைச் சொல்லும் வழிகாட்டிகளைத் தாண்டிப் போங்கள்.

உலாவிக்கு ஏற்றபடி பாலிஃபில் அனுப்பும் வெளிச் சேவைகளைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். பாலிஃபில்.ஐஓ என்ற சேவையை மிகப் பல தளங்கள் ஒரே ஸ்கிரிப்ட் டேக்காக நம்பியிருந்தன. 2024 பிப்ரவரியில் அந்த முகவரி கைமாறியது. அதன் வழியே தீய நிரல் செல்வது ஜூனில் தெரியவந்தது, பாதிப்புக்கு இலக்கான தளங்கள் 1,00,000-க்கு மேல். உலாவிக்கு உலாவி வேறு கோப்பு வருவதால், கோப்பின் ஹாஷைப் பூட்டி வைக்கும் பாதுகாப்பும் இப்படிப்பட்ட சேவைக்குப் பொருந்தாது. உங்கள் தளத்தில் இன்னும் அந்த டேக் இருந்தால் இன்றே எடுங்கள். தேவையான கோப்பை உங்கள் சர்வரிலிருந்தே கொடுங்கள்.

நான் எழுதுவது நூலகம். அதற்குள் பாலிஃபில் வைக்கலாமா?

ப்ரோட்டோடைப்பைத் தொடாதீர்கள். அது பக்கத்தின் உரிமையாளர் எடுக்க வேண்டிய முடிவு. அணியை முதல் ஆர்க்யுமென்ட்டாக வாங்கும் சாதாரண ஃபங்ஷனாக உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். இதைப் போனிஃபில் என்பார்கள். கோர்-ஜேஎஸ்-ப்யூர் தொகுப்பும் இதற்காகத்தான்.

தரநிலையில் இல்லாத, நானே யோசித்த மெத்தட்டைச் சேர்க்கலாமா?

அரே.ப்ரோட்டோடைப்பில் கூடாது. என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. மூடூல்ஸ் நூலகம் தன் சொந்த ஃப்ளாட்டனை அணியில் சேர்த்திருந்தது. பிறகு தன் அணி மெத்தட்களை ஃபார்-இன் ஓட்டி வேறொரு வகைக்கு நகலெடுத்தது. தரநிலைக்குழு அதே பெயரில் மெத்தட் கொண்டுவந்து, 2018 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பில் விட்டபோது ஒரு தளம் உடைந்தது. காரணம் நுட்பமானது: உலாவியே வைத்த பண்பு எண்ணிக்கையில் சேராதது. அதன் மேல் சமக்குறியால் எழுதினாலும் அந்தத் தன்மை மாறாது. எனவே மூடூல்ஸின் ஃபார்-இன் கண்ணில் அது படவில்லை, நகலும் ஆகவில்லை. "ஸ்மூஷ்" என்று பெயர் வைப்போமா என்ற கேலி யோசனை வரை போய், கடைசியில் ஃப்ளாட் ஆனது. இன்க்ளூட்ஸும் முதலில் கன்டெய்ன்ஸ் என்று இருந்து, அதே நூலகத்தால் பெயர் மாறியதுதான்.

இன்னும் இறுதியாகாத முன்மொழிவுகளுக்கும் இதே பதில். பெயரோ நடத்தையோ மாறிவிட்டால், "இருந்தால் தொடாதே" என்ற உங்கள் சோதனை புதிய உலாவியில் வேறொரு நடத்தையை உள்ளே விட்டுவிடும்.

வேகம் குறையுமா?

பழைய உலாவியில் கொஞ்சம். வழக்கமான அளவுகளில் உணர மாட்டீர்கள்.

எழுதியது சரியா என்று எப்படிச் சோதிப்பது?

புதிய உலாவியில், உங்கள் பாலிஃபில்லை வேறு பெயரில் வைத்து, உண்மையான மெத்தட்டோடு பக்கத்தில் பக்கமாக ஓட்டி ஒப்பிடுங்கள். கொடுக்க வேண்டியவை: காலி அணி, ஓட்டையுள்ள அணி, நேன், -0, எதிர்ம இன்டெக்ஸ், எல்லை தாண்டிய இன்டெக்ஸ், லெங்த் மட்டும் உள்ள வெறும் பொருள், சரம், ஃபங்ஷன் அல்லாத கால்பேக், ஓடும்போதே அணியை நீட்டும் கால்பேக், குறுக்கும் கால்பேக். திஸ்ஸாக நல். பிறகு காலி அணி மீது ஃபார்-இன் ஓட்டுங்கள், ஒன்றும் வரக் கூடாது. தரநிலைக்கென்றே இருக்கும் டெஸ்ட்262 என்ற பொதுச் சோதனைத் தொகுப்பில் ஒவ்வொரு மெத்தட்டுக்கும் தனி அடைவு இருக்கிறது. உங்கள் கற்பனைக்கு எட்டாத மூலைகள் அங்கே கிடைக்கும்.

எப்போது எடுத்துவிடலாம்?

உங்கள் பயனர்களின் உலாவிப் பதிப்புகளைப் பார்த்து பிரவுசர்ஸ்லிஸ்ட்டின் எல்லையை நகர்த்துங்கள். என்ட்ரி முறையில் தேவையற்றவை தாமே உதிரும். கையால் எழுதியவை என்றால் ஒவ்வொரு மெத்தட்டும் ஒரு தனிக் கோப்பில் இருக்கட்டும், தலைப்பில் எந்த உலாவிப் பதிப்புக்காக அது இருக்கிறது என்ற ஒரு வரிக் குறிப்போடு. எடுத்தபின், எல்லையில் நிற்கும் மிகப் பழைய உலாவியில் பக்கத்தை ஒருமுறை திறந்து கன்சோலைப் பாருங்கள். நீங்கள் எழுதிய குறியீட்டில் அந்த மெத்தட் இல்லாவிட்டாலும், உள்ளே இருக்கும் ஏதோ ஒரு நூலகம் இத்தனை நாளாக உங்கள் பாலிஃபில்லின் தயவில் ஓடிக்கொண்டிருந்திருக்கலாம்.